கட்டிளமைப் பருவப் பெண்களும் சஞ்சிகைகளும்



சிறுமி என்ற நிலை நீங்கி, பெண் என்ற நிலை முற்றும் எய்தாத இடைக்காலத்தையே கட்டிளமைப் பருவம் என்கிறோம். "நான் எப்படிப்பட்டவள்? பிறர் கண்ணுக்கு நான் எவ்வாறு தோன்றுகிறேன்?" என்னும் வினாக்கள் அப்பருவத்தில் உள்ளத்தே ஓயாது எழும். அவற்றுக்கு விடை கூற வீட்டாரும் ஆசிரியரும் தயங்கி நிற்கும்போது, சஞ்சிகை முன்வந்து விடை கூறுகிறது. அவ்விடை யாருடைய நன்மைக்காகக் கூறப்படுகிறது என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய பொருளாகும்.

இப்பருவத்தினர்க்கென எழுந்த சஞ்சிகைகளுள் பெரும் புகழ் பெற்றது ஐக்கிய அமெரிக்காவின் 'செவன்ரீன்'. பதினேழு என்பது அப்பெயரின் பொருள். 1944ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் வெளிவந்த முதல் இதழின் 400,000 பிரதிகள் சில நாட்களுள் விற்றுத் தீர்ந்தன. அதன் முதல் ஆசிரியையாகிய ஹெலன் வலன்ரைன் அம்மையார், இளம் பெண்களைச் சிந்திக்கும் குடிமக்களாக மதித்தவர். ஆடை அணிகளோடு நூல்கள், தொழில்கள், உலக நடப்பு ஆகியனவும் அதில் இடம்பெற்றன. பின்னாளில் புகழ்மிக்க கவிஞராய் விளங்கிய சில்வியா பிளாத், அனுப்பிய ஆக்கங்கள் பலமுறை திரும்பி வந்தும் சோராது எழுதி, 1950இல் தம் 17ஆவது வயதில் அச்சஞ்சிகையிலே ஒரு சிறுகதையை வெளியிட்டார். ஆகவே, இத்தகைய சஞ்சிகைகள் யாவும் தீயன என்று ஒதுக்குதல் நேர்மையன்று.

ஆயினும், அதே சஞ்சிகைக்கு வேறொரு முகமும் இருந்தது. வணிகர்களிடம் விளம்பரம் பெறுவதற்காக, 'ரீனா' என்ற கற்பனைப் பெண்ணொருத்தியை அந்நிறுவனத்தார் படைத்தனர். அவளுக்குக் கைச்செலவுப் பணம் உண்டு. வீட்டார் வாங்கும் பொருள்களிலும் அவள் சொல் எடுபடும். ஆதலின் அவள் கண்ணிற் படும்படி உங்கள் பொருளை வையுங்கள் என்பதே அவர்கள் வணிகர்க்கு உரைத்ததன் சாரம். வாசகி சஞ்சிகையை வாங்கினாள். சஞ்சிகையோ வாசகியின் கவனத்தை வணிகர்க்கு விற்றது.

இவ்வியாபாரம் உள்ளத்தை எவ்வாறு தொடுகிறது? தன் முகத்தைக் கண்டு நிறைவுறும் பெண்ணுக்கு முகப்பூச்சு வேண்டுவதில்லை. எனவே முதலில் அவளுக்கு ஒரு குறை உணர்த்தப்பட வேண்டும். ஒரு பக்கத்தில் பருவைப் பற்றியும் பருமனைப் பற்றியும் கட்டுரை. மறு பக்கத்தில் அதற்கு மருந்து. இடையே, ஒளியமைப்பாலும் ஒப்பனையாலும் கணினித் திருத்தத்தாலும் மாசு மறு நீக்கப்பட்ட ஒரு படம். உயிருள்ள எவளும் எட்ட முடியாத அவ்வடிவத்தோடு தன்னை ஒப்பிடும் சிறுமி, படத்திற் குறை காணாது தன்னிற் குறை காண்கிறாள்.

பிரித்தானியாவில் 1964 முதல் 1993 வரை வெளிவந்த 'ஜக்கி' என்னும் சஞ்சிகை வேறொரு பாடத்தைத் தருகிறது. அதில் 'கத்தி, கிளெயர்' என்னும் இருவர் வாசகியரின் மனக்குறைகளுக்கு விடை எழுதிவந்தனர். கடிதங்கள் பெருந்தொகையாகக் குவிந்தன. ஆனால் அவ்விருவரும் உண்மை மாந்தரல்லர். சஞ்சிகைப் பணியாளரே அப்பெயர்களில் எழுதினர். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க இயலாததை, இல்லாத இருவரிடம் எத்தனையோ பெண்கள் கேட்டார்கள். இது பெற்றோரும் ஆசிரியரும் ஆழ்ந்து எண்ணத்தக்க செய்தியன்றோ?

நம்மிடையேயும் இந்நிலை இல்லாமல் இல்லை. அழகுக் குறிப்புகளும் மேனிப் பூச்சு விளம்பரங்களும் தமிழ்ச் சஞ்சிகைகளிலும் அருகருகே அமர்கின்றன. 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்து இலங்கையிலும் பரவிய ஒரு பூச்சு, வெண்ணிறமே அழகு என்ற பொருள்படும் பெயரோடு விற்கப்பட்டது. 2020இலேதான் அதன் பெயரிலிருந்து அச்சொல் நீக்கப்பட்டது. இடைப்பட்ட 45 ஆண்டுகளில், கருநிற மேனியுடைய நம் பெண்மக்கள் எத்தனை பேர் தம்மைத் தாமே தாழ்வாக எண்ணியிருப்பர்!

இதற்குப் பரிகாரம் யாது? சஞ்சிகையைப் பறித்துக் கிழிப்பதால் பயன் இல்லை. 'செவன்ரீன்' வழமையான அச்சு வெளியீட்டை 2018இல் நிறுத்திவிட்டது. ஆனால் அதே பணியை இன்று கைத்தொலைபேசி இரவு பகலாகச் செய்கிறது. தடுப்பதினும் வாசிக்கக் கற்பிப்பதே மேல். 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெயின் மாநிலத்துச் சிறுமி ஒருத்தி, வயது 14, மாதந்தோறும் திருத்தப்படாத படத்தொகுதி ஒன்றையேனும் வெளியிடுக என்று 'செவன்ரீன்' சஞ்சிகைக்கு விண்ணப்பித்தாள். 80,000க்கும் மேற்பட்டோர் அதில் ஒப்பமிட்டனர். பெண்களின் உடல், முக அமைப்புகளைப் படங்களில் மாற்றுவதில்லை என்று அவ்வாண்டு ஓகஸ்ட் இதழிலே சஞ்சிகை உறுதி கூறியது. கேள்வி கேட்கத் தெரிந்த வாசகிக்கு இவ்வளவு வலிமை உண்டு.

தாய்மார்களே, உங்கள் மகள் விரும்பிப் பார்க்கும் சஞ்சிகையை ஒருநாள் அவளோடு சேர்ந்து புரட்டுங்கள். இப்பக்கத்துக்குப் பணம் கொடுத்தவர் யார், இதை வாசித்தபின் நாம் எதை வாங்க வேண்டும் என்று அவர் விரும்புகிறார் என்று இருவருமாக ஆராயுங்கள். அவ்வேளையில், உங்களிடம் இதுவரை கேட்காத சிலவற்றையும் அவள் கேட்கக்கூடும். முகம் சுளிக்காது விடை கூறுங்கள்.