தூக்கிச் செல்ல நாலு பேர் வேண்டும்

(அறுப்பின் பண்டிகையன்று தோட்டத்துக் கோயிலில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நாங்கள் போதகரும் அல்ல, உபதேசியாரும் அல்ல. லயத்துக்கு லயம் போய் பிள்ளை மடுவத்தையும் தண்ணீர்ப் பீலியையும் கக்கூசையும் பார்க்கிறவர்கள். ஆனாலும் இன்று நாலு வார்த்தை பேசும்படி சபையார் கேட்டுக்கொண்டார்கள். லயங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வியை வைத்தே பேசலாம் என்று நினைக்கிறோம்.

"ஐயா, ஆண்டவர் எல்லா எடத்துலயுந்தானே இருக்காரு? காம்பிராவுல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுனா கேக்க மாட்டாரா? எதுக்குக் கோயிலுக்கு வரணும்?"

நியாயமான கேள்விதான். கட்டாயம் கேட்பார். அறைக்குள் போய் கதவைப் பூட்டி ஜெபிக்கும்படி ஆண்டவரே சொல்லியிருக்கிறார். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் அதே அதிகாரத்தில், அடுத்த சில வசனங்களில், அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைப் பாருங்கள். அதில் 'நான்', 'எனக்கு' என்ற சொல்லே கிடையாது. பிதா எங்களுக்குப் பிதா. அப்பம் எங்களுக்கு அப்பம். மன்னிப்பும் எங்களுக்கு மன்னிப்பு. கதவைப் பூட்டிக்கொண்டு தனியே ஜெபித்தாலும், பக்கத்துக் காம்பிராக்காரரையும் சேர்த்துத்தான் ஜெபிக்க வேண்டியிருக்கிறது.

நம்முடைய தோட்டங்களில் ஒரு பேச்சு உண்டு. "செத்தா தூக்கிட்டுப் போக நாலு பேரு வேணும்." ஒரு வீட்டில் சாவு விழுந்தால், எந்த மதம், எந்தச் சங்கம் என்று யாரும் கேட்பதில்லை. முழு லயமும் கூடிவிடும். தேத்தண்ணி ஊற்ற ஒருவர், குழி வெட்ட நாலு பேர். இந்த நல்ல பழக்கத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் அந்த நாலு பேர் செத்த பிறகு மட்டுந்தானா வேண்டும்?

மாற்கு 2ஆம் அதிகாரத்தில் ஒரு சம்பவம் வருகிறது. கப்பர்நகூமில் ஆண்டவர் ஒரு வீட்டில் இருந்தார். வாசலிலும் இடமில்லாத அளவுக்குச் சனம். திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் படுக்கையோடு சுமந்துகொண்டு வந்தார்கள். உள்ளே போக வழியில்லை. கூரையைப் பிரித்து அவனை இறக்கினார்கள். அங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆண்டவர் 'அவனுடைய' விசுவாசத்தைக் கண்டார் என்று எழுதப்படவில்லை. 'அவர்களுடைய' விசுவாசத்தைக் கண்டார் என்றே எழுதப்பட்டிருக்கிறது. படுத்திருந்தவனுக்கு எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. தூக்கினவர்கள் தூக்கினார்கள், அவன் எழுந்து நடந்தான்.

இது பழைய கதை மட்டுமல்ல. எங்களுக்குத் தெரிந்த ஒரு தாய் இருக்கிறார். கொழும்புக்கு வேலைக்குப் போன அவருடைய ஒரே மகன் பெட்டியில் திரும்பி வந்தான். அதற்குப் பிறகு அந்தத் தாய் ஜெபம் செய்யவில்லை. செய்ய முடியவில்லை. ஆனால் பக்கத்துக் காம்பிரா அக்கா ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, "வாங்க போவோம், சும்மா வந்து உக்காருங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். புத்தகம் கையில் திறந்திருக்கும், வாய் திறக்காது. ஒரு வருடத்துக்கு மேல் அப்படித்தான். ஒருநாள் அவரே எங்களிடம் சொன்னார்: "நான் பாடலீங்க ஐயா. அவங்க பாடுனாங்க. அது எனக்குஞ் சேத்துத்தான்னு இப்பத்தான் வெளங்குது."

கோயிலுக்கு எதற்கு வர வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எங்களிடம் இல்லை. நம்முடைய விசுவாசம் எல்லா நாளும் ஒரே அளவாக இருப்பதில்லை. இன்று உங்களுக்குப் பாட முடியும், நாளைக்கு முடியாமல் போகலாம். தோமா அப்போஸ்தலரும் முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இருக்கவில்லை. மற்றவர்கள் சொன்னதை நம்பவும் இல்லை. அதற்காக யாரும் அவரை வெளியே தள்ளவில்லை. எட்டு நாள் கழித்து அவர்களோடுதான் உள்ளே இருந்தார். அப்பொழுதுதான் ஆண்டவரைக் கண்டார்.

நம்முடைய முன்னோர் இந்த மலைநாட்டுக்கு வந்தபோது கோயில் கட்டடம் எங்கே இருந்தது? 1854இல் தோட்ட மக்களுக்கென்று தமிழ் மிஷன் ஆரம்பமானபோது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த உபதேசிமார் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தே போனார்கள். லயத்து வாசலில் கூடினவர்கள்தான் சபை. பிறகு இலைநோயில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு சொந்தபந்தங்கள் பிரிந்து கப்பல் ஏறின. இத்தனைக்கும் நடுவில் சபை கலைந்துவிடவில்லை. இருந்தவர்கள் கூடினார்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, நமக்கு மறக்காது. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆகிய மூன்று ஆலயங்களில் கூடியிருந்தவர்கள்மேல் குண்டு வெடித்தது. சீயோனில் சின்னப் பிள்ளைகள் பலர் இறந்தார்கள். ஆனாலும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் ஜூன் மாதமும், கட்டுவாப்பிட்டி கோயில் ஜூலை மாதமும் திறந்தபோது சனங்கள் திரும்பிப் போனார்கள். அடுத்த வருடம் கொரோனா வந்து, உயிர்த்த ஞாயிறன்றும் கோயில்கள் பூட்டிக் கிடந்தன. போனில் ஆராதனை பார்த்தோம். வருத்தக்காரருக்கும் எழுந்து வர முடியாதவருக்கும் இன்றைக்கும் அது உதவிதான். ஆனால் போனில் இருக்கிற போதகருக்கு, நீங்கள் அழுகிறீர்களா என்று தெரியாது. பக்கத்து வாங்கில் இருக்கிற அக்காவுக்குத் தெரியும்.

இனி, வராதவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதில் பிரயோசனமில்லை. ஏன் வரவில்லை என்று பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை கைக்காசு போட்டால், கடன் உள்ளவர் மலைக்குத்தான் போவார். அதைப் பாவம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அப்படியான நாளில் ஆராதனையைப் பின்னேரத்துக்கு வைத்தால் என்ன?

பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளல்ல. ஆறு நாள் கொழுந்து, ஏழாம் நாள் உடுப்பு, விறகு, கடை. ஆண்கள் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டால், அந்த வீட்டில் இருந்து இன்னொருவர் கோயிலுக்கு வருவார்.

மூன்றாவது, மனஸ்தாபம். காணிக்கைக் கணக்கில் சண்டை, கலியாணத்தில் சண்டை. மேட்டு லயம் இந்தப் பக்கம், பள்ளத்து லயம் அந்தப் பக்கம். கொரிந்து சபையில் இருந்தவர்கள் முந்திச் சாப்பிட்டு இல்லாதவர்களைப் பட்டினி போட்டபோது, அது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று பவுல் அப்போஸ்தலர் கண்டித்தார். நம்முடைய வாங்குகளையும் நாம் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். கணக்கை மாதா மாதம் சபையில் வாசித்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மலையில் ஒருத்தி நிரையில் பிந்திவிட்டால், தன் நிரையை முடித்தவள் திரும்பி வந்து கைகொடுப்பாளே, அதைப் போல, இன்று கோயிலை விட்டு இறங்கும்போது, கொஞ்சக் காலமாக வராத ஒரு வீட்டுக்குப் போங்கள். "ஏன் வரல?" என்று கேட்க வேண்டாம். தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். எழும்பும்போது, "வாற ஞாயிறு போகக்குள்ள கூப்புடுறோம்" என்று மட்டும் சொல்லுங்கள்.

சொன்னபடி போய்க் கூப்பிடுங்கள்.