தண்ணீரை அளக்கும் வேலைக்கு நம் பிள்ளைகளும் போகட்டும்

(பெற்றோர், மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வக்கீல் வந்திருக்கிறார், உரிமையைப் பற்றிப் பேசுவார்" என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று நான் பேசப்போவது கடலையும் ஆற்றையும் ஆராயும் படிப்பைப் பற்றி. இதுவும் உரிமைப் பேச்சுதான். எப்படி என்று சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆற்றோரம் குடியிருக்கும் நம்மவர்கள் சிலர் என்னைத் தேடி வந்தார்கள். ஆற்றில் நுரை, மீன் செத்து மிதக்கிறது, பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு என்றார்கள். எந்தத் தேதியில் என்று கேட்டேன். "அடிக்கடி நடக்கும், ஐயா" என்றார்கள். தண்ணீர் மாதிரி எடுத்தீர்களா? இல்லை. படம்? தேதி இல்லாத இரண்டு படங்கள். எதிர்த்தரப்பினரோ தாங்கள் விரும்பிய நாளில், தாங்கள் விரும்பிய இடத்தில் எடுத்த தண்ணீருக்கு ஆய்வுக்கூட அறிக்கையோடு வந்தார்கள். நம் பக்கம் பேச ஒரு நிபுணரைத் தேடி அலைந்தேன். ஒருவரும் கிடைக்கவில்லை. வழக்கு மேலே போகவில்லை. அந்த மக்கள் இன்னும் அதே ஆற்றோரம்தான் இருக்கிறார்கள்.

நீதிமன்றத்தில் கண்ணீருக்கு எடை இல்லை, அளவைக்குத்தான் எடை. நம் சமுதாயத்தில் வக்கீல்கள் இருக்கிறார்கள், டாக்டர்கள் இருக்கிறார்கள். தண்ணீரை அளக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

2021 டிசம்பர் வெள்ளத்தை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறிப் படகுக்காகக் காத்திருந்தார்கள். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. தாழ்வான இடத்திலும் ஆற்றோரத்திலும் தொழிற்சாலைக்குப் பக்கத்திலும் வீடு கிடைப்பது யாருக்கு? வசதி இல்லாதவர்களுக்குத்தான். அதில் நாமும் இருக்கிறோம்.

இனி படிப்புக்கு வருகிறேன். தொலையுணர்வு என்று ஒரு துறை உண்டு. ஒரு பொருளைத் தொடாமல், தூரத்திலிருந்து அதன் ஒளியையோ அலையையோ அளந்து அறிவதுதான் அது. துணைக்கோளம் மேலிருந்து கடலைப் பார்க்கிறது. நுண்ணிய பாசி பெருகிய தண்ணீர் பச்சையாகத் தெரியும். சேறு கலந்த தண்ணீர் சிவப்பொளியைக் கூடுதலாகத் திருப்பி அனுப்பும். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு தண்ணீரை எண்களாக்கிப் பிரித்துக் காட்டுவதுதான் இதில் வேலை.

"மழைக்காலத்தில் மேகம் மறைக்காதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு ராடார் துணைக்கோளம் இருக்கிறது. அது மேகத்தையும் இருட்டையும் கடந்து பார்க்கும். அது அனுப்பும் அலை அமைதியான தண்ணீரில் பட்டால், கண்ணாடியில் பட்டது போல வேறு பக்கம் தெறித்துவிடும், திரும்பி வராது. அதனால் வெள்ளம் படத்தில் கறுப்பாகத் தெரியும். வீடுகள் நெருங்கிய இடத்தில் அதை வாசிப்பது கடினம். படித்தவர் தேவைப்படுவது அங்கேதான்.

துணைக்கோளம் எல்லாவற்றையும் காட்டிவிடாது. ஐரோப்பாவின் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். உங்கள் வீட்டுப் பின்னால் ஓடும் வாய்க்கால் அதில் தெரியாது. தண்ணீரில் கரைந்த நிறமில்லா இரசாயனமும் தெரியாது. அதற்குப் படகில் போய், போத்தலில் தண்ணீர் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும். ஆகவே வானத்திலிருந்து பார்ப்பவரும் வேண்டும், சேற்றில் இறங்குபவரும் வேண்டும். இரண்டும் நல்ல வேலைகள்.

எங்கே படிப்பது? திரங்கானுவில் மலேசியத் திரங்கானு பல்கலைக்கழகம், சுருக்கமாக யூ.எம்.டி., கடல் அறிவியலுக்குப் பேர்போனது. 2007-இல்தான் இந்தப் பெயர் வந்தது. கடல் படிப்பு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கு நடந்து வந்தது. சபாவில் மலேசிய சபா பல்கலைக்கழகத்தில் போர்னியோ கடல் ஆய்வுக் கழகம் இருக்கிறது. ஜொகூரில் யூ.டி.எம். நில அளவைக்கும் புவித்தகவல் துறைக்கும் பெயர் பெற்றது. பட்டப்படிப்பு எட்டாது என்று நினைக்கும் பிள்ளைக்கு, சில பாலிடெக்னிக்குகளில் ஜியோமேட்டிக் எனப்படும் நில அளவை டிப்ளோமா உண்டு. அந்த வழியாகவும் இந்தத் துறைக்குள் நுழையலாம்.

வேலை எங்கே? 2019-இல் அமைந்த மலேசிய விண்வெளி நிறுவனம், நீர் ஆய்வுக்கான நாஹ்ரிம், வடிகால் நீர்ப்பாசன இலாகா, சுற்றுச்சூழல் இலாகா, குடிநீர் நிறுவனங்கள். கடலடி ஆழத்தை அளக்கும் கம்பெனிகள் துறைமுகத்துக்கும் எண்ணெய்த் தொழிலுக்கும் வேலை செய்கின்றன. கடல் வரைபடம் தயாரிக்கும் கடற்படையின் தேசிய ஹைட்ரோகிராஃபி மையம் எங்கே இருக்கிறது தெரியுமா? கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில், இண்டா தீவில். நம்மவர்கள் தினமும் லோரி ஓட்டிப்போகும் வட்டாரம்தான் அது.

பட்டம் வாங்கியவுடன் வேலை கதவைத் தட்டும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இந்தத் துறையில் வேலைகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் துணைக்கோளப் படத்தை வாசிக்கத் தெரிந்தவருக்குக் கடல் மட்டும்தான் என்றில்லை. செம்பனைத் தோட்டம், நில அளவை, நகரத் திட்டம் எல்லாவற்றுக்கும் அதே திறன் பயன்படும்.

இப்போது செலவுக் கணக்கு. இந்தத் துறையில் முக்கியமான கருவிகள் பல இலவசம். அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008-இலிருந்து எல்லாருக்கும் இலவசம். சென்டினல் படங்களும் இலவசம். வரைபடம் செய்யும் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். நாசாவின் ஆர்செட் பயிற்சித் திட்டம் 2009-இலிருந்து இணையம்வழி கட்டணமின்றிப் பாடம் நடத்துகிறது. வெள்ளத்துக்கும் நீரின் தரத்துக்கும் தனித்தனி வகுப்புகள் வந்திருக்கின்றன. ஒரு கணினியும் இணையமும் ஓரளவு ஆங்கிலமும் இருந்தால் போதும். பல்கலைக்கழகம் சேரும்முன்பே பிள்ளை பழகிப் பார்க்கலாம்.

அப்படியென்றால் தடை எங்கே? மூன்று இடத்தில்.

முதல் தடை படிவம் நான்கு. அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய முறை 2020-இல் போய், பாடத் தொகுப்பு முறை வந்துவிட்டது. "கஷ்டமாக இருக்கும், சுலபமானதை எடு" என்று யாராவது சொல்வார்கள். இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் ஆகியவற்றை அன்று விட்ட பிள்ளைக்கு இந்தக் கதவு பதினாறு வயதிலேயே சாத்தப்படுகிறது. சாத்தும் தாளில் பெற்றோரும் கையெழுத்துப் போடுகிறோம். படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

இரண்டாவது தடை பல்கலைக்கழக நுழைவு. மெட்ரிகுலேஷனில் இன ஒதுக்கீடு உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இன மாணவருக்கும் அங்கே இடம் உண்டு என்று 2024-இல் பிரதமர் அறிவித்தார். நல்லது. ஏழு ஏ, எட்டு ஏ எடுத்த லோரி ஓட்டுநரின் மகளுக்கு? அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவு, அரசாங்கக் கல்விக்கூடச் சேர்க்கையிலும் அரசுப் பண உதவியிலும் இனத்துக்காக மட்டும் பாகுபாடு கூடாது என்கிறது. 153-ஆம் பிரிவு மலாய்க்காரர்களுக்கும் சபா சரவாக் பூர்வகுடிகளுக்கும் ஒதுக்கீட்டுக்கு இடம் தருகிறது. அதே பிரிவு மற்றச் சமூகங்களின் நியாயமான நலனையும் காக்கச் சொல்கிறது. அந்தப் பாதியை உரக்கப் படிக்க வேண்டியது நம் இயக்கத்தின் வேலை. அதுவரை பிள்ளை சும்மா இருக்க முடியுமா? எஸ்.டி.பி.எம். இருக்கிறது. ஆறாம் படிவத்தில் செலவு குறைவு. கஷ்டமான தேர்வுதான். ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு நேராகப் போகும் பாதை அது.

மூன்றாவது தடை பத்திரம். பிறப்புப் பத்திரத்தில் கோளாறு, குடியுரிமை இல்லை என்றால், நன்றாகப் படித்த பிள்ளையும் அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் நின்றுவிடுகிறது. "எஸ்.பி.எம். முடியட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். வயது ஏற ஏறச் சட்ட வழி குறுகும். பத்திரச் சிக்கல் உள்ளவர்கள் இன்று போகும்முன் என்னைப் பாருங்கள்.

பெற்றோர்களே, இந்த வாரம் மூன்று காரியம் செய்யுங்கள். பிள்ளையின் பாடத் தொகுப்பில் என்னென்ன பாடம் இருக்கிறது என்று கேளுங்கள். பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பெயர், எண், பெற்றோர் விவரம் எல்லாம் சரியா என்று பாருங்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் போய், "கடல் அறிவியல், புவித்தகவல் படிக்க என் பிள்ளைக்கு என்ன மதிப்பெண் வேண்டும்?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் தெரிந்து சொல்லச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மாணவர்களே, உங்களுக்கு ஒன்று. இன்றிரவு உங்கள் தாமானின் துணைக்கோளப் படத்தைத் தேடி எடுங்கள். ஆறு எங்கே, கடல் எங்கே, உங்கள் வீடு எங்கே என்று அடையாளம் போடுங்கள். வெள்ளம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அம்மா அப்பாவைக் கேட்டு எழுதுங்கள். முதல் பாடம் அதுதான்.

அந்த ஆற்றோர மக்கள் திரும்பவும் என் அலுவலகத்துக்கு வருவார்கள். அன்று நிபுணர் தேடி நான் அலையக் கூடாது. உங்களில் ஒருவர் அறிக்கையோடு சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும்.