இரண்டாம் மொழியும் குழந்தையின் பண்பாடும்

இரண்டாம் மொழியைக் கற்கத் தொடங்கும் குழந்தை வெறுங்கையோடு வருவதில்லை. ஒடிசா மாநிலத்துச் சவரா, கோயா, ஜுவாங் பழங்குடிக் குழந்தைகள் தம் ஊரின் அறுவடையையும் சந்தையையும் விழாவையும் தாய்மொழியில் அறிந்தே பள்ளிக்கு வருகின்றனர். அங்கே பாடம் முதல் நாளே ஒடியா மொழியில், அவர்கள் காணாத பொருள்களைப் பற்றித் தொடங்குமானால், சொல்லும் புதிது, பொருளும் புதிது. குழந்தை மௌனமாகிறது, அம்மௌனம் பலவேளை பள்ளியை விட்டு விலகுவதில் முடிகிறது.

இதனை உணர்ந்த அம்மாநில அரசு, 2007ஆம் ஆண்டில் 10 பழங்குடி மொழிகளில் பன்மொழிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஊர் வாழ்க்கையே பாடப்பொருளாயிற்று. ஒடியா மொழி படிப்படியாகப் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. அறிந்த பொருளுக்குப் புதிய சொல்லைக் கற்பது எளிது என்பதே இதன் அடிப்படை.

பாடநூலை அச்சிடுவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. குழந்தையின் மொழியறிந்த ஆசிரியரை அவ்வூர்ப் பள்ளியிலேயே அமர்த்துவதும் நிர்வாகத்தின் பொறுப்பாகும்.