தேடி வாங்கும் பழைய வண்டியே!

(தலைப்பு: உழைக்கும் குடும்பத்துக்கு உதவுவது தவணையில் வரும் புது வண்டியா? தேடி வாங்கும் பழைய வண்டியா?)



நான் மேடை ஏறிப் பேசுறவன் இல்லைங்க. ஒட்டன்சத்திரம் பக்கத்துல ரெண்டரை ஏக்கர் கிணத்துப் பாசன விவசாயம். தக்காளி, வெண்டை, சின்ன வெங்காயம். என்கிட்ட இருக்கிற வண்டி 2012 மாடல் டாட்டா ஏஸ். நம்ம ஜனங்க பாசையில சொன்னா குட்டி யானை.

எதிரணியில பேசின தங்கச்சி என்ன சொல்லுச்சு? "பழைய வண்டி வாங்குறது வெள்ளை யானையைக் கட்டித் தீனி போடுற கதை"ன்னு சொல்லுச்சு. கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். ஆனா நடுவர் அவர்களே, புது வண்டி இருக்கே, அது வேற யானைங்க. அது வாசல்ல நிக்கும், ஆனா அங்குசம் நம்ம கையில இருக்காது. அங்குசம் பைனான்ஸ்காரர் கையில இருக்கும்! (கைதட்டல்)

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லலை. பட்டுச் சொல்றேன். 2018 ஜனவரியில நானும் புது வண்டி எடுத்தவன்தான். முன்பணம் 80 ஆயிரம். மாசத் தவணை 11 ஆயிரத்து 400. நாப்பத்தெட்டு மாசம். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, பழனி அடிவாரம் வரைக்கும் ஓட்டிட்டுப் போய் பூசை போட்டுட்டு வந்தோம். பதினாலு தவணை ஒரு நாள் தவறாமக் கட்டினேன். அதுக்கப்புறம் தக்காளி விலை விழுந்துச்சு. பறிகூலிக்குக் கட்டாம செடியிலயே விட்டோம். அதே நேரத்துல பையனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி. ஏப்ரல், மே, ஜூன் மூணு தவணை நின்னு போச்சு. 2019 ஜூலையில ஒரு நாள் சாயங்காலம் ரெண்டு பேர் வந்தாங்க. சாவியைக் கேட்டாங்க. தெருவே பாத்துட்டு நிக்குது. என் சம்சாரம் உள்ளே போய் வண்டியில கிடந்த குழந்தையோட பால் பாட்டிலை மட்டும் எடுத்துக்கிறேன்னு கேட்டு வாங்கிட்டு வந்தா.

கணக்கைப் போடுங்க. முன்பணம் 80 ஆயிரம், பதினாலு தவணை 1 லட்சத்து 59 ஆயிரத்து 600. ஆக மொத்தம் 2 லட்சத்து 39 ஆயிரத்து 600 ரூபா. கையில மிச்சம் என்ன? ஒரு பால் பாட்டில்!

(அரங்கில் அமைதி)

பைனான்ஸ்காரரைத் திட்ட நான் இங்கே வரலைங்க. கையெழுத்துப் போட்டவன் நான்தான். ஆனா மாசச் சம்பளக்காரருக்கு மாசத் தவணை பொருந்தும். எங்களுக்கு வருமானம் மாசா மாசமா வருது? விலை வந்தா வரும், இல்லேன்னா வராது. மழையைக் கேட்டு வட்டி ஏறுறதில்லையே!

அப்புறம் மூணு வருஷம் வாடகை வண்டிதான். வண்டிக்காரர் எப்ப வருவாரோ அப்பத்தான் காய் மார்க்கெட்டுக்குப் போகும். விடியறதுக்குள்ள போனா ஒரு விலை, எட்டு மணிக்குப் போனா வேற விலை. பழைய வண்டி ஒண்ணு பாக்கலாமான்னு 2022ல சம்சாரம்தான் கேட்டா. கேட்டதோட நிக்கலை. கழுத்துல கிடந்த நாலு பவுன் சங்கிலியைக் கழட்டிக் கொடுத்தா. அடகுக்கடையில 1 லட்சத்து 10 ஆயிரம் கிடைச்சுது.

இப்ப எதிரணிக்கு வர்றேன். "பழைய வண்டின்னா ஏமாத்திடுவாங்க"ன்னு சொன்னீங்க. ஆமாம், ஏமாத்துவாங்க. பொண்ணு பாக்கப் போறவன் கூட விசாரிச்சுட்டுத்தானே போறான்! நம்ம ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருத்தர். அவருக்கு 500 ரூபாயும் ஒரு நேரச் சாப்பாடும் கொடுத்து மூணு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். என் வாழ்க்கையில நான் செஞ்ச நல்ல செலவு அந்த ஐந்நூறு ரூபா.

முதல் இடத்துல வண்டி பளபளன்னு இருந்துச்சு. அண்ணன் பெயிண்ட்டைப் பாக்கவே இல்லை. சீட்டைத் தூக்கினார். ஏஸ் வண்டியில எஞ்சின் சீட்டுக்கு அடியிலதானே இருக்கு. கையை வச்சுப் பாத்துட்டு, "எஞ்சின் சூடா இருக்கே, எதுக்குங்க காலையிலேயே ஓட்டினீங்க?"ன்னு கேட்டார். விக்கிறவர் திருதிருன்னு முழிக்கிறார். டீசல் எஞ்சினுக்கு உடம்பு சரியில்லைன்னா ராத்திரி பூராக் குளிர்ந்து கிடந்துட்டுக் காலையில முதல் தடவை எடுக்கும்போதுதான் தெரியும். முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா, நோயாளியை மாத்திரை கொடுத்து உக்கார வச்ச மாதிரி! (சிரிப்பு) வந்துட்டோம்.

ரெண்டாவது இடத்துல எஞ்சின் அருமை. ஆனா ஆர்.சி. புத்தகத்துல பைனான்ஸ் பேரு அப்படியே இருக்கு. கடன் முடியலை. தரகர், "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"ங்கிறார். பாத்துக்கலாம்னு சொல்ற இடத்துல நான் ஏற்கெனவே ஒரு தடவை நின்னு பாத்தவன். பைனான்ஸ்ல தடையில்லாச் சான்றும் முப்பத்தஞ்சாம் நம்பர் பாரமும் கையெழுத்தாகி வராம ஒரு ரூபா அட்வான்ஸ் கொடுக்கக் கூடாதுங்க. அந்த விவரமெல்லாம் இப்ப செல்போன்லயே பரிவாகன் செயலியில வண்டி நம்பரைத் தட்டினா தெரியுது. பேர் மாத்துறதையும் லேசா நினைக்காதீங்க. வித்தவர் பேர்லயே புத்தகம் இருக்கும்போது விபத்து நடந்தா, பொறுப்பு புத்தகத்துல பேர் இருக்கிறவருக்குத்தான்னு 2018ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. அதனால விக்கிறவரும் அவசரப்படணும், வாங்குறவரும் அவசரப்படணும்.

மூணாவது வண்டி. கடற்கரைப் பக்கத்துல இருந்து வந்தது. குளிர்ந்து கிடந்த எஞ்சின், செல்ஃப் ரெண்டு தடவை அடிச்சதும் எடுத்துக்கிச்சு. ரெண்டே சிலிண்டர், 702 சி.சி. எஞ்சின்தான். அண்ணன் ஆயில் மூடியைத் திறந்தார். குபுகுபுன்னு ஆவி. "பேக் கம்ப்ரஷன் அடிக்குது. ரிங் தேஞ்சிருக்கு"ன்னார். புகை கொஞ்சம் நீலமாப் போச்சு. ஆயில் எரியுதுன்னு அர்த்தம். ரேடியேட்டர் தண்ணியில குமிழி வரலை, ஆயில் டீ மாதிரி வெளுக்கலை. அதனால ஹெட் நல்லா இருக்கு. சேஸ் நம்பர் மேல பேப்பரை வச்சுப் பென்சிலால தேச்சு எடுத்துப் புத்தகத்தோட ஒத்துப் பாத்தோம். அவர் கேட்டது 1 லட்சத்து 40 ஆயிரம். எஞ்சின் வேலையைக் காட்டி, முப்பது ஆயிரம் குறைச்சு 1 லட்சத்து 10க்கு முடிச்சோம். நடுவர் அவர்களே, தெரிஞ்ச கோளாறு கோளாறே இல்லைங்க. அது நம்ம கையில இருக்கிற பேரம்!

நடுவர்: அப்போ கடைசி வரைக்கும் ஏமாறவே இல்லையா?

ஏமாந்தேன் ஐயா! அதையும் சொல்லிடறேன், இல்லேன்னா சம்சாரம் அங்கே இருந்து சொல்லிடுவா. வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்து நிறுத்தினா, உள்ளே ஊதுபத்தி வாசம் மணக்குது. பக்தியான ஆள் போலன்னு நினைச்சேன். மூணாம் நாள் பாக்கிறேன், தெருவுல இருக்கிற பூனை பூரா என் வண்டிக்கு அடியில! (பலத்த சிரிப்பு) அது மீன் வண்டிங்க! பத்து வருஷமா ஐஸ் தண்ணியும் உப்புத் தண்ணியும் தொட்டியில இருந்து ஒழுகி ஒழுகி அடிப்பக்கம் பூரா அரிச்சிருக்கு. மேலே பட்டி வச்சு மெழுகிப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. எஞ்சினையே பாத்த அண்ணனும் நானும் படுத்து அடியில பாக்கலை. மழை பேஞ்சிருந்த தரை, சட்டை அழுக்காகுமேன்னு விட்டது.

ரெண்டாம் மாசம் ஐம்பது பெட்டித் தக்காளி ஏத்திட்டுப் போறேன். அளவுக்கு மேலே இல்லைங்க, 750 கிலோவுக்குள்ளதான். பள்ளத்துல இறங்கினதும் பின்னாடி 'கடக்'குன்னு சத்தம். தொட்டியைத் தாங்குற குறுக்குச் சட்டம் ரெண்டு விட்டுப் போச்சு. ரோட்டோரத்துல உக்காந்துட்டேன். சங்கிலியைக் கொண்டு போய் உப்புல போட்டுட்டேனேன்னு நினைச்சேன். அந்த ஒரு ராத்திரி நானே எதிரணிதான்!

மறுநாள் டிங்கரிங் பட்டறையில சுத்தியலால தட்டித் தட்டிப் பாத்தாங்க. கெட்டியான இரும்பு 'டங்'குங்குது, அரிச்ச இடம் 'டப்'புங்குது. நீளவாட்டுச் சட்டம் ரெண்டும் 'டங்'! உயிர் வந்துச்சு. அது அரிச்சிருந்தா அந்த வண்டியைக் காயலான் கடைக்குத்தான் கொண்டு போகணும், ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது. குறுக்குச் சட்டத்தை வெட்டி எடுத்துப் புதுச் சேனல் வச்சு வெல்டிங் பண்ணி, தொட்டிக்குப் புதுத் தகடு அடிச்சு 12 ஆயிரம். அதனால பழைய வண்டி பாக்கப் போறவங்க ஒரு சாக்கை எடுத்துட்டுப் போங்க. விரிச்சுப் படுத்து அடியில பாருங்க. கையில ஒரு காந்தம் வச்சுக்கோங்க. பட்டி வச்ச இடத்துல காந்தம் பிடிக்காது. எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சுன்னு கேக்கிறதை விட, என்ன சுமை ஏத்துச்சுன்னு கேளுங்க!

இப்ப செலவுக் கணக்கு. முதல் மாசம் இன்சூரன்ஸ் 18 ஆயிரத்து 500, பேர் மாத்தி எஃப்.சி. எடுக்க 8 ஆயிரத்து 500, பிரேக்குக்கு 4 ஆயிரத்து 500. இது சின்ன வெங்காயம் வித்த காசு. ரெண்டாம் மாசம் அந்தத் தொட்டி வேலை. நாலாம் மாசம் டயர் நாலும் 14 ஆயிரம். எட்டாம் மாசம் எஞ்சினை இறக்கி ரிங் மாத்தி 31 ஆயிரம். இறக்கினதே இறக்கினோம்னு கிளட்ச் பிளேட்டும் அதோட 5 ஆயிரத்து 500. மொத்தம் 94 ஆயிரம். வண்டி விலையோட சேத்தா 2 லட்சத்து 4 ஆயிரம். புது வண்டிக்குக் கட்டி இழந்ததை விடக் குறைவு. அதை விட முக்கியம், எந்த மாசம் எந்த வேலைன்னு நான் முடிவு பண்ணினேன். வண்டி முதல்ல நிக்கணும், அதனால முதல்ல பிரேக். ஓடுற எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிச்சாக் குடிச்சுட்டுப் போகுது, ஊத்திக்கலாம். பெயிண்ட் இன்னும் அடிக்கலை. விலை நல்லா இல்லாத மாசத்துல வண்டியை வீட்டோட நிறுத்தினேன். யாரும் சாவி கேட்டு வரலை! (பலத்த கைதட்டல்)

எதிரணித் தலைவர், "பதினஞ்சு வருஷம் ஆனா உடைச்சுடுவாங்க"ன்னு பயம் காட்டினார். அரசாங்கத்தோட சொந்த வண்டிகளுக்குத்தான் 2023 ஏப்ரல்ல இருந்து பதினஞ்சு வருஷத்தோட பதிவு முடியுது. நம்ம சுமை வண்டிக்கு எஃப்.சி.தான் கணக்கு. எட்டு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் காட்டணும். ஆனா பதினஞ்சு தாண்டின வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரல்ல இருந்து ஏத்திட்டாங்க, அதை நான் மறைக்கலை. என் வண்டிக்கு 2027ல பதினஞ்சு. நினைச்சா வயித்துல புளியைக் கரைக்குது. புது வண்டியில சென்சார் இருக்கு, புகை கம்மி, அதெல்லாம் உண்மைதான். இருக்கிறவங்க எடுக்கட்டும். காசை எண்ணிக் கொடுத்து எடுக்க முடிஞ்சா நானே அவங்க அணியில போய் உக்காந்துக்குவேன்.

நடுவர்: எல்லாம் சரி. அந்தச் சங்கிலி என்ன ஆச்சு? மீட்டாச்சா?

(பேச்சாளர் சற்றுத் தயங்குகிறார்)

இன்னும் இல்லீங்க ஐயா. 70 ஆயிரம் கட்டிட்டேன். 40 ஆயிரம் பாக்கி. அடகுச் சீட்டு வண்டி டேஷ்போர்டுக்குள்ள இருக்கு, டீசல் போடும்போதெல்லாம் கண்ணுல படும். அவ மஞ்சக் கயித்தோடதான் மூணாவது வரிசையில உக்காந்திருக்கா. ஆனா இன்னிக்கு அவளையும் பையனையும் கூட்டிட்டு இங்கே வந்தது அந்த வண்டியிலதான். வெளியில நிக்குது. பூனை ஏதாவது வந்துச்சான்னு போய்ப் பாக்கணும். (சிரிப்பு)

நாளைக்கு வெண்டைக்காய் பறிக்கிற நாளுங்க. ராத்திரியே கிளம்பணும்.