இல்லை என்று சொல்வதற்கு முன்



சென்னையிலிருந்து மாமல்லபுரத்தை நோக்கிக் கடலோரமாகச் செல்லும் சாலையில், வடநெம்மேலி என்னும் ஊரிலே, முதலைப் பண்ணையின் வளாகத்துக்குள், 1978-இல் தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் ஓர் அரிய காரியத்தைச் செய்து வருகிறது. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டிப் பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோக, அதையே நம்பியிருந்த இருளர் குடும்பங்கள் ஜீவனோபாயம் இழந்து தவித்த காலத்தில், பாம்பைக் கொல்லாமலே அதனால் பிழைக்கும் வழியாக, ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால் உருவான சங்கம் அது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து வந்து, மண்பானைகளில் இட்டு, துணியால் வாய்கட்டிச் சில வாரம் வைத்திருந்து, விஷத்தை எடுத்துக்கொண்டபின் மீண்டும் வெளியிலேயே விட்டுவிடுகிறார்கள். கண்ணாடிப் பாத்திரத்தின் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்விலே பாம்பின் பல் பதியும்போது உள்ளே சொட்டுவது இரண்டொரு துளிதான். உலர்த்திப் பொடியாக்கிய அந்த விஷம் மருந்துத் தொழிற்சாலைகளுக்குப் போய், குதிரைகளின் உடம்பில் சிறுகச் சிறுக ஏற்றப்பட்டு, அவற்றின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டு, விஷமுறிவு மருந்தாக நம்முடைய ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேருகிறது. இருளர்களின் பாம்பறிவை இவ்வுலகம் எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு, செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததே சாட்சி.

ஆனால் இன்று நான் பேச வந்தது பாம்பின் விஷத்தைப் பற்றியன்று. அந்த விஷத்தை முறிக்க வந்த மருந்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளக்கூடிய மற்றொரு நஞ்சைப் பற்றியும், அதைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடத்தில் நம் இளைஞர்கள் பெறவேண்டிய பயிற்சியைப் பற்றியுமே பேச விரும்புகிறேன்.

வயலில் பாம்பு தீண்டிய ஒரு விவசாயியை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். ரத்தநாளத்தின் வழியாக முறிவு மருந்து ஏறுகிறது. ஓரிரண்டு மணி நேரத்துக்குள், விஷத்தினால் அல்லாமல் மருந்தினாலேயே, உடம்பு தூக்கிப்போடுகிற குளிரும் நடுக்கமும் கடும் ஜுரமும் வந்து, சில வேளை ரத்த அழுத்தமும் இறங்கிவிடுகிறது. மருந்தை நிறுத்தி ஜுரத்தைத் தணிக்க வேண்டிய நிர்ப்பந்தம் வைத்தியருக்கு உண்டாகிறது. ஒவ்வொரு நிமிஷமும் அருமையான அந்த வேளையிலே காலம் வீணாகிறது. இதற்குக் காரணமாவது, மருந்து தயாரித்த நீரிலோ பாத்திரத்திலோ எப்போதோ இருந்து செத்துப்போன பாக்டீரியாக்கள் விட்டுச் சென்ற எண்டோடாக்சின் என்னும் பொருள்.

கிராம்-நெகட்டிவ் வகைப் பாக்டீரியாக்களின் வெளியுறையிலே, கொழுப்பும் சர்க்கரையும் பிணைந்த ஒரு சேர்மானம் இருக்கிறது. பாக்டீரியா செத்துச் சிதையும்போது அது மிகுதியாக வெளிப்படுகிறது. ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வைத்தால் கிருமி மாளும். இந்தச் சேர்மானம் மாளாது. பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் நுண்வடிகட்டியின் துளைகளிலும் இது நுழைந்து போய்விடும். ஆகவே, கிருமியற்ற மருந்து என்பதும் ஜுரமுண்டாக்காத மருந்து என்பதும் ஒன்றல்ல. 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி காலராக் கிருமிகளை ஆராய்ந்து இந்நஞ்சை இனங்கண்டார். அமெரிக்காவில் ஃப்ளாரன்ஸ் சைபெர்ட் என்ற பெண்மணி, காய்ச்சி வடித்த நீரை ஊசிவழி ஏற்றினாலும் ஜுரம் வருவதேன் என்று 1920-களில் ஆராய்ந்து, கொதிக்கும் நீரிலிருந்து தெறிக்கும் நுண்திவலைகள் ஆவியோடு சேர்ந்து மறுபுறம் போய்விடுவதையும், அவற்றோடு பாக்டீரியாவின் மிச்சமும் கடந்து செல்வதையும் நிரூபித்தார். 

நெடுங்காலம் இந்நஞ்சைக் கண்டறிய முயல்களையே நம்பியிருந்தார்கள். மருந்தை முயலின் காதோரத்து நாளத்தில் ஏற்றி, மூன்று மணி நேரம் அதன் உஷ்ணத்தை அளந்து பார்க்கும் முறை 1942-இல் அமெரிக்க மருந்து நூலில் இடம்பெற்றது. பிறகு ஃப்ரெடெரிக் பாங் என்பவர், பாக்டீரியா புகுந்தவுடன் குதிரைலாட நண்டின் நீலநிற ரத்தம் உறைந்துவிடுவதை 1956-இல் வெளியிட்டார். அவரும் ஜாக் லெவினும் 1960-களில் ஆராய்ந்து, அந்த ரத்த அணுக்களின் சாரமே எண்டோடாக்சினைக் கண்டு உறைகிறது என்று காட்டினார்கள். லைசேட் எனப்படும் அச்சாரமே இன்று உலகெங்கும் மருந்துச் சோதனைக்கு உதவுகிறது.

இனி, பயிற்சிக்கு வரும் மாணாக்கர் எதைக் கற்கிறார் என்று பார்ப்போம். முதற்பாடம் பாத்திரத்தைப் பற்றியது. சோதனைக்குழாய்களைக் கழுவினால் போதாது. உலர்ந்த சூட்டடுப்பில் 250 டிகிரியில் குறைந்தது அரைமணி நேரம் வைத்தால்தான் அவற்றில் ஒட்டிய எண்டோடாக்சின் அழியும். அவ்வாறு சுத்திசெய்த குழாயின் விளிம்பை விரலால் தொட்டுவிட்டால் அத்தனை சிரமமும் பாழ். இரண்டாவது பாடம் அளவைப் பற்றியது. ஒரு மனிதரின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு மணி நேரத்தில் 5 எண்டோடாக்சின் அலகுக்கு மேல் ஊசிமருந்தின் வழியே போகலாகாது. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு அது 250 அலகாகும். ஓர் அலகு என்பது ஏறத்தாழ ஒரு கிராமின் ஆயிரங்கோடியில் ஒரு பங்கு. ஊசிமருந்து தயாரிக்கும் நீரிலோ ஒரு மில்லிலிட்டருக்கு 0.25 அலகுதான் வரம்பு. கண்ணுக்கும் நாவுக்கும் மூக்குக்கும் எட்டாத சூக்ஷ்மத்தோடு பழகுகிறோம் என்ற உணர்வு, இந்த எண்களைக் கையால் கணக்கிட்டுப் பார்க்கும்போதுதான் மாணாக்கருக்கு நிச்சயமாகிறது.

மூன்றாவது பாடம் பொறுமையைப் பற்றியது. எண்டோடாக்சின் அளவுகோலாக வரும் சிறு குப்பியைக் கரைத்தால், அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரண்டும் கண்ணாடிச் சுவரில் ஒட்டியும் நிற்கும். ஆகையால் கலக்கும் கருவியில் வைத்து வழக்கமாக அரைமணி நேரமாவது கலக்க வேண்டும். அவசரப்பட்டுக் குறைத்துக்கொண்டால், அதற்குப் பின் செய்யும் ஒவ்வொரு நீர்த்தலும் பொய்யாகிவிடும். பிறகு, சோதிக்கும் திரவத்தில் 0.1 மில்லிலிட்டரும் லைசேட்டில் 0.1 மில்லிலிட்டரும் ஒரு சிறு குழாயில் சேர்த்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் அசையாமல் வைக்கிறார்கள். நேரம் நிறைந்ததும், குழாயை மெல்ல எடுத்து ஒரே சீராகத் தலைகீழாகத் திருப்பவேண்டும். எண்டோடாக்சின் இருந்தால், நன்றாகத் தோய்ந்த தயிர் பாத்திரத்தைச் சாய்த்தாலும் நிற்பதுபோல, திரவம் கூழாக உறைந்து குழாயின் அடியிலேயே நிற்கும். இல்லாவிடில் வழிந்து விழும். பார்ப்பதற்கு மிக எளிய காரியம். ஆனால் ஒரு மணி நேரம் முடியுமுன் ஆவல் தாங்காமல் குழாயைத் தூக்கிப் பார்த்தாலோ, பக்கத்தில் யாராவது மேஜையை இடித்தாலோ அந்தக் கூழ் உடைந்துவிடும். ஒருமுறை உடைந்தது மறுபடி உறையாது. அப்போது, நஞ்சு இருந்தும் இல்லை என்ற தீர்ப்பு எழுதப்பட்டுவிடும்.

இங்கேதான், நேயர்களே, இந்தப் பயிற்சியின் உயிர்நிலை இருக்கிறது. உண்டு என்று காட்டுவது எளிது. கூழ் உறைந்து நிற்பதே பிரத்தியட்சப் பிரமாணம். இல்லை என்று சொல்வதற்குத்தான் பிரமாணம் வேண்டியிருக்கிறது. ஏனெனில் கூழ் உறையாமல் போவதற்கு நஞ்சு இல்லாமை ஒன்றே காரணம் அன்று. லைசேட் பழுதுபட்டிருக்கலாம், அமில காரத் தன்மை மாறியிருக்கலாம், மருந்திலுள்ள புரதமோ, கெடாமல் காக்கச் சேர்த்த பொருளோ அந்த உறைதலைத் தடுத்திருக்கலாம். குதிரையின் ரத்தத்திலிருந்து வரும் விஷமுறிவு மருந்துபோன்ற புரதப் பொருள்களில் இந்தச் சந்தேகம் இன்னும் வலுவானது. ஆகவே நல்ல மாணாக்கர், மருந்தைச் சோதிக்கும் அதே வேளையில், அதே மருந்தில் தெரிந்த அளவு எண்டோடாக்சினை வேண்டுமென்றே சேர்த்து மற்றொரு குழாயையும் வைக்கிறார். அந்தக் குழாய் உறைந்தால்தான், உறையாத குழாயின் சாட்சியம் செல்லும். அது உறையாமற்போனால், மருந்தை வரம்புக்கு உட்பட்டு மேலும் நீர்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தூய நீர் மட்டும் வைத்த குழாய் ஒன்றும் அருகே நிற்கும். அது உறைந்துவிட்டால் பிழை மருந்தில் இல்லை, நம் கையிலோ பாத்திரத்திலோ இருக்கிறது என்று பொருள்.

இந்த ஒழுங்கைப் புத்தகத்தில் படிப்பது ஒரு நாழிகை வேலை. அதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்வதற்கு, அனுபவமுள்ள ஒருவர் அருகே நின்று, இந்தப் பிப்பெட்டின் நுனி எதைத் தொட்டது, இந்தக் குப்பி எத்தனை நிமிஷம் கலக்கப்பட்டது என்று கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். வேண்டிய முடிவு வரவில்லை என்பதற்காகச் சோதனையைத் திரும்பச் செய்வதும், வேண்டிய முடிவு வந்துவிட்டது என்பதற்காகக் கேள்வியை விட்டுவிடுவதும் ஒரே குற்றத்தின் இரண்டு முகங்கள் என்பதை அவர் சொல்லித்தர வேண்டும்.

இன்னொன்றும் மாணாக்கர் அறிந்திருக்க வேண்டும். அந்த லைசேட் துளிக்காகக் குதிரைலாட நண்டுகளைக் கடலிலிருந்து எடுத்து, ரத்தத்தில் ஒரு பகுதியை வடித்துக்கொண்டு திரும்ப விடுகிறார்கள். அவற்றில் ஒரு பங்கு பிழைப்பதில்லை. நம் தேசத்தில் ஒடிஸாவின் பாலேசுவரக் கரையிலும் வங்கக் கரையிலும் குதிரைலாட நண்டு வகைகள் வாழ்கின்றன. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜீக் லிங், ஹோ போ என்ற இருவரும் அந்த நண்டின் ரத்தத்திலுள்ள ஃபேக்டர் சி என்னும் புரதத்தை ஆய்வுகூடத்திலேயே உண்டாக்கும் வழியைக் கண்டதனால், நண்டின் ரத்தம் இல்லாமலே சோதிக்கும் முறைகள் இப்போது வந்திருக்கின்றன. அம்முறைகளில் நம் இளைஞர்கள் இப்போதே தேர்ச்சி பெறுவது, ஜீவகாருண்யத்துக்கும் தொழிலுக்கும் ஒருங்கே நன்மை தரும்.

செங்கல்பட்டுச் சீமையிலிருந்து எத்தனையோ பிள்ளைகளும் பெண்களும் மருந்துத் தொழிற்சாலைகளின் ஆய்வுகூடங்களுக்கு வேலைக்குச் செல்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுவே: உங்கள் கையெழுத்துடன் ‘இல்லை’ என்று எழுதப்படும் ஒவ்வொரு முறையும், உங்களை ஒருநாளும் காணப்போகாத ஒரு நோயாளி அந்தச் சொல்லை நம்பித் தம் கையை நீட்டுகிறார். அந்தச் சொல்லுக்கு உரிய அத்தனை குழாய்களையும் வைத்துப் பார்த்த பிறகே அதை எழுதுங்கள். உங்கள் உபாத்தியாயர்களும் முதலாளிகளும் அதற்கு வேண்டிய காலத்தை உங்களுக்குத் தரட்டும். தரத் தயங்கினால், கேட்டுப் பெறுங்கள். அப்படிக் கேட்கும் துணிவும் பயிற்சியின் ஒரு பகுதியே.