படகெந்திரத்திற்கு ஏற்ற எண்ணெய்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அவுட்போர்டு எந்திரத்திற்கு வார்க்கும் எண்ணெயின் விலையைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் பேசுமாறு நம் சங்கத்தார் எம்மைப் பணித்தனர். தமிழ்ப்பாடஞ் சொல்லும் ஆசிரியனுக்கும் எந்திர எண்ணெய்க்கும் யாது தொடர்பு எனச் சிலர் நகைத்தல் கூடும். ஆயினும் இப்பொருளில் நம்மவர்க்கு நேரும் இடர் ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகின்றதாதலின், தொடர்பு உண்டென்றே கருதுகின்றோம்.

எண்ணெய் என்பது எள், நெய் என்னும் இருசொற்கள் புணர்ந்தாய சொல். எள்ளின் நெய்யை மட்டுங் குறித்த அது, நாளடைவில் தேங்காயெண்ணெய், ஆமணக்கெண்ணெய், மண்ணெண்ணெய் என எல்லாவற்றிற்கும் பொதுப்பெயராயிற்று. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறென்பதை நம் தாய்மார் நன்கறிவர். விளக்கெண்ணெயிற் கடுகு தாளிப்பாரும், தலைக்கு வேப்பெண்ணெய் தேய்த்து மணத்திற்குச் செல்வாரும் இலர். ஆனால் கடைத்தெருவில் 'டூ-டி ஆயில்' என்று ஒரு பெயர் சொல்லிக் கேட்டால், கடைக்காரர் எதனை எடுத்துக் கொடுப்பினும் வாங்கி வந்து எந்திரத்தில் வார்த்துவிடுகின்றோம். அப்பெயரினுள் இரண்டு மூன்று வகைகள் அடங்கியுள்ளன என்பதைக் காட்டுதலே இன்றைய பேச்சின் முதல் நோக்கம்.

நம் முன்னோர் பாயும் துடுப்புங் கொண்டு கடலோடினர். மரக்கலத்திற்கு மீனெண்ணெய் பூசுவதோடு அவர்களுடைய எண்ணெய்ச் செலவு முடிந்தது. அமெரிக்க நாட்டின் மில்வாக்கி நகரத்தில் ஓலே எவின்ரூட் என்பார் 1909-ஆம் ஆண்டிற் படகெந்திரத் தொழிலைத் தொடங்கினார். யமஹா 1960-இலும், சுசூகி 1965-இலும் அத்தொழிலிற் புகுந்தன. நம் கடற்கரையில் 2004-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து மரக்கலங்களை வாரிச் சென்றபின், பைபர் படகுகளும் எந்திரங்களும் பெருகின. இன்று நம் இல்லங்கள் பலவற்றில் வீட்டிற்கு அடுத்தபடி விலையுயர்ந்த உடைமை அவ்வெந்திரமேயாம். அதன் ஆயுளை நீட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் எண்ணெய் என்க.

எவ்வாறெனிற் கூறுதும். நான்கு வீச்சு எந்திரத்தில் எண்ணெய் தனியே ஓர் அறையில் தங்கிச் சுழன்று வரும். டூ-ஸ்ட்ரோக் எந்திரத்தில் அங்ஙனந் தங்குதற்கு இடமில்லை. எரிபொருளோடு கலந்த எண்ணெய் முதலில் அடியறைக்குட் புகுந்து அச்சுத்தண்டையும் பேரிங்குகளையும் நனைத்து, பின்பு மேலேறிப் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே வழுவழுப்பாய் நின்று, முடிவில் எரிபொருளோடு தானும் எரிந்து புகைப்போக்கி வழியே வெளியேறுகின்றது. உயவுதலும் எரிதலுமாகிய இருதொழிலும் ஒரே எண்ணெய்க்கு அமைந்தமையால், அஃது எரிந்தபின் எதனை விட்டுச் செல்கின்றது என்பது மிகவும் ஆராயத்தக்கதாகும்.

பெட்ரோல் பங்கிலும் மோட்டார்ச் சைக்கிள் கடையிலுங் கிடைக்கும் டூ-டி ஆயில், காற்றாற் குளிரும் எந்திரத்திற்காகச் செய்யப்பட்டது. அவ்வெந்திரம் மிகுந்த சூட்டில் ஓடும். அச்சூட்டிலும் பிஸ்டன் தூய்மையாயிருத்தற்பொருட்டு, அவ்வெண்ணெயில் உலோகக் கலப்புள்ள மருந்துகள் சேர்ப்பர். அதன் தகுதியை ஜாசோ எப்.சி., ஜாசோ எப்.டி. என்னுங் குறிகளாற் காட்டுவர். நம் படகெந்திரமோ கடல்நீராற் குளிர்வது, சூடு குறைவு, ஆயின் சுமையிழுத்துக்கொண்டு மணிக்கணக்காக ஓயாது ஓடுவது. இதில் உலோக மருந்துள்ள எண்ணெயை வார்த்தால், எரிந்தபின் சாம்பல் தங்குகின்றது. அச்சாம்பல் பிளக்கின் முனையிற் படிந்து பொறியைக் கெடுக்கும். பிஸ்டனின் தலையிற் படிந்து கங்குபோற் கனன்று, பொறி எழுமுன்னரே எரிபொருளைப் பற்றவைக்கும். அங்ஙனம் முந்தி எரிதலாற் பிஸ்டன் ஓட்டையாதலும் உண்டு.

ஆதலின் நீராற் குளிரும் படகெந்திரத்திற்கென்றே சாம்பல் விடாத எண்ணெய் ஒன்றை வகுத்துள்ளனர். அமெரிக்கப் படகு உற்பத்தியாளர் கூட்டமைப்பாகிய என்.எம்.எம்.ஏ. அதன் இலக்கணத்தை வரையறுத்து, டி.சி.-டபிள்யூ 3 என்று பெயரிட்டது. எரிபொருளோடு எளிதிற் கலத்தல், உராய்வு தடுத்தல், பிஸ்டன் வளையங்கள் ஒட்டாது காத்தல், உப்புக்காற்றில் துருவேறாமற் காத்தல் ஆகிய இவற்றையெல்லாம் சோதித்த பின்னரே அக்குறி இடப்பெறும். குப்பியின் மேல் டி, சி, டபிள்யூ என்னும் எழுத்துக்களும் 3 என்னும் எண்ணும் உளவா என்றும், அவற்றோடு பதிவெண் அச்சிடப்பட்டுளதா என்றும் பார்த்தல் வேண்டும். எண்ணெயின் நிறத்தைக் கண்டு மயங்குதல் கூடாது. நீலமும் பச்சையும் சிவப்பும் சேர்த்த சாயமேயன்றித் தகுதியின் அடையாளம் ஆகா.

கார், லாரி, நான்கு வீச்சு மோட்டார்ச் சைக்கிள் ஆகியவற்றின் எண்ணெயை இதில் வார்த்தல் அறவே தகாது. அஃது எரிதற்குரியதன்று, எரிபொருளோடு செவ்வனே கலப்பதுமன்று. ஒருமுறை பயன்படுத்தி வடித்த பழைய எண்ணெயைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இனி அளவு. இக்காலத்து டூ-ஸ்ட்ரோக் படகெந்திரங்கள் பெரும்பாலானவற்றிற்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்பது விதி. அஃதாவது லிட்டருக்கு 20 மில்லி. 5 லிட்டருக்கு 100 மில்லி. 10 லிட்டருக்கு 200. 20 லிட்டருக்கு 400. 25 லிட்டருக்கு 500. புதிய எந்திரத்திற்கும் உள்ளுறுப்பு மாற்றிய எந்திரத்திற்கும் முதற் பத்துமணி நேரம் இதன் இருமடங்கு வார்க்குமாறு கையேடுகள் பல கூறுகின்றன. மண்ணெண்ணெயில் ஓடும் எந்திரத்திற்கு அளவு வேறுபடக்கூடுமாதலின், அதனதன் கையேட்டிற் கண்டதே அதற்கு விதியாகும். கையேடு ஆங்கிலத்தில் இருப்பின் அதனைப் பரணிற் போட்டுவிடாது பள்ளிக்கு எடுத்து வாருங்கள். படித்துச் சொல்ல ஆசிரியர்களாகிய யாம் உளேம்.

நம்மவருட் சிலர் 'ஒரு மூடி', 'கொஞ்சம்போல' என்று கண்ணளவாகவே வார்க்கின்றனர். குறைந்தாற் பிஸ்டன் இறுகும். மிகுந்தாற் புகை மண்டும், பிளக் நனையும், காசும் புகையாய்ப் போகும். கோடிட்ட அளவுக்குவளை ஒன்றைப் படகிலேயே கயிற்றிற் கட்டி வைத்துக்கொள்வது நன்று. முதலிற் பெட்ரோலிற் சிறிதளவு வார்த்து, அதன்மேல் எண்ணெயை விட்டு நன்கு குலுக்கி, பின்பு எஞ்சிய பெட்ரோலை வார்க்கவேண்டும்.

கலந்ததை நெடுநாள் வைத்திருத்தலும் தகாது. 2025-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிற் பொதுவாகக் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் சேர்ந்துள்ளது. எத்தனால் நீரை ஈர்க்கும் இயல்பினது. கடற்காற்றின் ஈரமும் அலைநீரும் கேனுக்குட் புகுந்தால், எத்தனாலும் நீருஞ் சேர்ந்து அடியிலே தனியே படிந்துவிடும். அவ்வடித்தளத்தில் எண்ணெய் பெரும்பாலும் இராது. குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து! ஆகவே அன்றன்றைக்கு வேண்டுமளவே கலந்து, கேனின் மூடியை இறுக மூடி வைத்தல் வேண்டும்.

இனி விலைக்கு வருவோம். இஃதே நம்மவரை வழுவச் செய்வது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதிற் கூறும் விலைகள் கணக்கிற்காகக் கொள்வனவே. நீங்கள் அவரவர் கடைவிலையை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு படகு நாளொன்றுக்கு 20 லிட்டர் பெட்ரோல் எரித்து, ஆண்டில் 200 நாள் கடலுக்குச் செல்வதாகக் கொள்வோம். பெட்ரோல் 4,000 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் வீதம் 4,00,000 ரூபாய். 50-க்கு 1 வீதம் எண்ணெய் 80 லிட்டர். எந்திரக் கம்பெனியின் பெயர் பொறித்த எண்ணெய் லிட்டர் 600 ரூபாயாயின் 48,000; வேறொரு கம்பெனி செய்த, அதே டி.சி.-டபிள்யூ 3 குறியுள்ள எண்ணெய் 400 ரூபாயாயின் 32,000. குறியில்லாத சில்லறை எண்ணெய் 250 ரூபாயாயின் 20,000.

இவற்றை ஒப்புநோக்குக. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு இறங்கினால் 16,000 ரூபாய் மிச்சம். எந்திரத்திற்கு ஒரு குறையும் இல்லை. எந்திரங் காக்கப்படுவது குறியினாலேயன்றிக் குப்பியின் பெயரால் அன்று. எனினும் காப்புறுதிக் காலத்தில் உள்ள புதிய எந்திரமாயின், அதன் நிபந்தனையைப் படித்தபின்னரே எண்ணெயை மாற்றுக. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு இறங்கினால் மேலும் 12,000 ரூபாய் மிச்சம் போலத் தோன்றும். ஆனால் அது மிச்சமன்று. எந்திரத்தின் ஆயுளிலிருந்து வாங்கிய கடன். பிஸ்டன், வளையம், பேரிங், கூலி, கடலுக்குச் செல்லாத நாட்களின் இழப்பு என அக்கடன் வட்டியுடன் திரும்பக் கேட்கும்.

வேண்டுமாயின் அந்த 12,000 ரூபாயை வேறு வழியில் ஈட்டலாம். எண்ணெய்ச் செலவு மொத்தச் செலவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கேயாகும்; மற்றையதெல்லாம் பெட்ரோல். முழு வேகத்திற் பிடித்த பிடியைச் சற்றே தளர்த்தியும், படகின் அடியிற் படிந்த பாசியையும் சிப்பியையும் சுரண்டியும், நெளிந்த காற்றாடியைச் செப்பஞ் செய்தும், பெட்ரோலில் நூற்றுக்கு மூன்று பங்கு மிச்சப்படுத்தினால் அதே 12,000 ரூபாய் கைக்கு வரும். சிக்கனஞ் செய்யவேண்டிய இடம் பெரிய செலவேயன்றிச் சிறிய செலவன்று.

அன்பர்களே! இவையெல்லாம் தெரிந்தும் நம்மவர் ஏன் சில்லறை எண்ணெயை வாங்குகின்றனர்? அறியாமை ஒரு பங்கே; மற்றொரு பங்கு கடன். கையிற் காசில்லாத காலையில், கடனுக்குக் கொடுப்பவர் எதனைக் கொடுக்கின்றாரோ அதுவே எண்ணெயாகின்றது. திறந்த பீப்பாயிலிருந்து குவளையால் மொண்டு தருவதன் குறி யாது, கலப்பு யாது என்று கேட்கும் வாய் கடன்பட்டவனுக்கு இல்லை. அவ்வெண்ணெயால் எந்திரம் பழுதுற்றால், பழுது பார்க்க மீண்டும் முன்பணம். முன்பணம் வாங்கியபின் மீனின் விலையை நிறுவுவது முன்பணம் கொடுத்தவர். ஒரு குவளை எண்ணெயில் தொடங்கி ஒரு குடும்பத்தின் உழைப்பே அடகாகிவிடுதலைக் காண்கின்றோம்.

பொருளிழப்பினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் 1974, 1976-ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் வகுத்த எல்லைக்கோடு உள்ளது. நடுக்கடலில் எந்திரம் இறுகி நின்றுவிட்டால், காற்றும் நீரோட்டமும் படகை எத்திசைக்குக் கொண்டுசெல்லும் என்பது நம் கையில் இல்லை. எல்லை கடந்தபின், எந்திரம் நின்றதென்று சொல்லும் சொல்லை யார் நம்புவர்? கரையில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு நள்ளிரவுவரை காத்திருக்கும் தாய்க்கும் மனையாளுக்கும் அந்த 12,000 ரூபாய் எம்மட்டு?

ஆதலின் நம் சங்கம் செய்யத்தக்கது ஒன்றைப் பணிவுடன் எடுத்துரைக்கின்றோம். மேற்சொன்ன கணக்கின்படி பத்துப் படகுகளுக்கு ஆண்டொன்றுக்கு 800 லிட்டர் எண்ணெய் வேண்டும். அது 210 லிட்டர்ப் பீப்பாய் நான்கினுள் அடங்கும். பத்துப் படகுக்காரர் ஒன்றுசேர்ந்து முத்திரை உடையாத, குறியுள்ள பீப்பாய்களை மொத்தமாக வாங்கினால் விலை குறையும். கலப்படம் பற்றிய ஐயமுந் தீரும். பீப்பாய் சங்கக் கட்டிடத்தில் நிழலிற் பூட்டியிருக்கட்டும். திறவுகோல் ஒருவரிடமும் கணக்குப் புத்தகம் மற்றொருவரிடமும் இருக்கட்டும். அளந்து கொடுப்பதும் எழுதி வைப்பதும் யாவரும் காண நடக்கட்டும். முதற் பீப்பாய்க்குரிய பணத்தைச் சங்க நிதி முன்னதாக அளித்து, வாரந்தோறும் சிறுகச் சிறுகப் பெற்றுக்கொள்ளலாம். வட்டி வேண்டா. கடன் வாங்கியே தீரவேண்டுமாயின் நம்மவர் நம்மவரிடமே வாங்குக.

தாய்மார்களுக்கு ஒரு சொல். வீட்டுக்கணக்கு எழுதும் கை உங்களுடையது. அதில் எந்திரத்திற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எத்தனை லிட்டர் பெட்ரோல், எத்தனை மில்லி எண்ணெய், எந்த நாளிற் பிளக் மாற்றியது என்று எழுதிவரின், மூன்று திங்களில் எங்கே காசு கசிகின்றதென்று தானே புலப்படும். எழுதத் தெரியாதவர் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். விகிதக் கணக்கைக் கரும்பலகையிற் கற்ற சிறுவன் தன் தந்தையின் கேனுக்கு எண்ணெய் அளந்து கொடுப்பானாயின், அவன் கற்ற கல்வி அன்றே வீட்டிற்குப் பயன்பட்டதாகும்.

இளைஞர்களுக்கும் ஒன்று கூறுவோம். டூ-ஸ்ட்ரோக் எந்திரத்தில் எரியாத பெட்ரோலிலும் எண்ணெயிலும் ஒரு பங்கு கடலிலேயே கலந்துவிடுகின்றது. நம் வலையில் விழும் மீன் அந்நீரில் வளர்வது. வருங்காலத்தில் நான்கு வீச்சு எந்திரம் வாங்கும் வசதி வாய்க்குமாயின், விலையும் எடையும் மிகுதியாயினும், கலக்கும் எண்ணெய்ச் செலவு இல்லாமையையும் பெட்ரோல் குறைதலையுங் கணக்கிட்டு ஆராய்ந்து பாருங்கள். அதுவரை கையிலுள்ள எந்திரத்திற்கு உரியதை உரிய அளவில் வார்ப்பதே நமக்கும் கடலுக்கும் நன்மை.

குறி பார்த்து வாங்குக, அளந்து வார்க்க, கூடி வாங்கிப் பகிர்ந்து கொள்க. பீப்பாய் வாங்குவதற்கான தீர்மானத்தை இக்கூட்டத்திலேயே தலைவரவர்கள் முன்வைத்து நிறைவேற்றித் தருமாறு வேண்டிக்கொள்கின்றோம்.