காளமேகமும் காணியுறுதியும்

(இலுப்பைக்கடவையில் ஆற்றிய உரை)



ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூச் சர்க்கரை என்பது பழமொழி. இலுப்பையின் பெயரையே தாங்கிய இவ்வூரில், நாவலர் ஒருவர் கிட்டாத குறைக்கு எம்மை அழைத்துள்ளீர்கள். எம் பேச்சும் அந்த அளவே இனிக்கும்.

ஒரு சொல்லில் இரு பொருள் வைத்து நகைச்சுவை விளைவிப்பதைச் சிலேடை என்கிறோம். இரட்டுற மொழிதல் என்பதும் அதுவே. அக்கலையில் 15 ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவர் பெரும் புகழ் பெற்றவர். வைக்கோலையும் யானையையும் ஒரே வெண்பாவில் அடக்கிப் பாடினார். நெல்லடிக்கும் இடமும் களம், படைகள் பொருதும் இடமும் களம். வைக்கோற் குவியலும் போர், படைகளின் சண்டையும் போர். கேட்ட மாத்திரத்தில் உழவன் சிரிப்பான். இரு பொருளும் அவன் அறிந்தவை அல்லவா?

உங்கள் நாவிலும் அத்தகைய சொல் ஒன்று உண்டு. அறுத்த கதிரை அடுக்கி வைப்பதும் சூடு, துப்பாக்கி வேட்டும் சூடு. 2008 ஆம் ஆண்டில் மன்னார்–பூநகரி வீதி நெடுகப் போர் நகர்ந்தபோது, சூடு என்றதும் வயலை நினைத்தவர் யார்? ஒரு பொருள் உயிரை நடுங்கச் செய்யுமிடத்தில் சிலேடை பிறவாது. இன்று அச்சொல்லைச் சொல்லி நீங்கள் நகைக்க முடிகிறதென்றால், நெற்சூடு உங்களிடம் மீண்டு வந்துவிட்டது என்பதே கருத்து.

ஆயின், சிலேடை புகக் கூடாத இடமும் உண்டு. புலவர் இரு பொருளையும் நம் கையிலே தந்துவிடுகிறார். காணியுறுதி எழுதுபவரோ, வாக்குறுதி அளிப்பவரோ ஒன்றைக் காட்டி மற்றொன்றை மடியில் மறைத்தால் அது வஞ்சகம். "உங்கள் காணி விடயத்தைக் கவனிப்போம்" என்பார்கள். கவனிப்பது என்றால் ஆவன செய்வது என்றும் பொருள். சும்மா பார்த்துக்கொண்டிருப்பது என்றும் பொருள்! எப்பொருளில் சொன்னீர்கள், எந்தத் திகதிக்குள் என்று அங்கேயே கேளுங்கள்; எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தின் வாசகம் ஐயத்துக்கு இடமளித்தால், அதனை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்க என்பது எமது தொழிலில் பழைய நெறி. அந்நெறியை அரசியல் மேடைக்கும் கொண்டு வருவோம். எமக்கும் அதில் விலக்கு வேண்டாம்.

மாலையில் பிள்ளைகளோடு அமர்ந்து காளமேகத்தைப் படியுங்கள். இரு பொருளைக் கண்டு சிரிக்கப் பழகிய பிள்ளை, நாளை இரு பொருளால் ஏமாறாது.